நார்வேயில் ஆராய்ச்சி: மாதச் சம்பளத்தோடு

நம்ம குமரி மண் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த 1952-இல் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் கையெழுத்தானது. துடுப்புப் போட்டுக் கடலுக்குப் போன கொல்லம் நீண்டகரையில் என்ஜின் பூட்டிய படகுகள் வந்தது அதனால்தான்.

அந்த நார்வேயில் முனைவர் பட்ட ஆய்வாளர் என்றால் பல்கலைக்கழக ஊழியர். கையில் மாதச் சம்பளம்! பொதுவாக 3 ஆண்டு. பாடம் நடத்தும் பொறுப்பும் சேர்ந்தால் 4. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கும் தனிப் பணியிடங்கள் உண்டு.

ஆஸ்லோ, பெர்கன் பல்கலைக்கழகங்கள் இந்தப் பணியிடங்களை வேலை விளம்பரமாகவே வெளியிடுகின்றன. ட்ரோம்சோவில் மீன்வளத்துக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. குளச்சல், முட்டம், தூத்தூர்ப் பிள்ளைகள் அதை அவசியம் பார்க்கணும். முனைவர் பட்ட ஆய்வில் சேர முதுகலைப் பட்டம் வேண்டும். ஏஜென்டுக்குப் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம்.