பதினாறு பக்கம், ஒரே ஒரு பனை

இரண்டாம் வகுப்புக்காக நான் முதலில் தயாரித்த வண்ணம் தீட்டும் புத்தகத்தில் 20 படங்கள் இருந்தன. ஆப்பிள், பனிமனிதன், ராக்கெட், ரோஜா என்று இணையத்தில் கிடைத்தவற்றை நகலெடுத்துத் தைத்திருந்தேன். பிள்ளைகள் இரண்டே நாளில் தீட்டி முடித்தார்கள். "படத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்க" என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பனிமனிதனைப் பற்றித் தேரிக்காட்டுப் பிள்ளை என்ன சொல்லும்?

அடுத்த முறை, கருப்பொருளை முடிவு செய்த பிறகே பென்சிலைத் தொடுவது என்று இருந்தேன். முதலில் தோன்றியது 'இயற்கை'. அதில் எதையும் போடலாம். மறுபடியும் பழைய புத்தகம்தான் வரும். 'மரங்கள்' என்று சுருக்கினேன். கோட்டுப் படமாக வரைந்தால் வேம்பும் புளியும் ஒன்றுபோலவே தெரிந்தன. கடைசியில் பள்ளி வாசலில் நிற்கும் பனைக்கு வந்து சேர்ந்தேன். நம் மாநில மரம். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் மரம்.

தேர்ந்தெடுத்ததைச் சோதிக்க மூன்று கேள்விகள் வைத்துக்கொண்டேன்.

1. பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் அதைப் பார்க்க முடியுமா?
2. 16 பக்கங்களுக்கான பட்டியலை ஒரே மூச்சில் எழுத முடியுமா?
3. படங்கள் வடிவத்திலும் வண்ணத்திலும் வேறுபடுமா?

முதல் இரண்டும் எளிதாகத் தேறின. ஆண்பனை, பெண்பனை, பதநீர்க் கலயம், நுங்கு, நுங்கு வண்டி, பனம்பழம், கிழங்கு, கருப்பட்டி, விசிறி, ஓலைப்பெட்டி, ஓலைச்சுவடி, தூக்கணாங்குருவிக் கூடு என்று பட்டியல் தானாக நீண்டது.

மூன்றாவதில் தடுமாறினேன். "பச்சையும் கருப்பும் தவிர இதில் என்ன கலர் இருக்கு? ரெண்டு மயில் சேருங்க" என்றார் சக ஆசிரியர். அன்றிரவு மயிலைச் சேர்த்தும்விட்டேன். காலையில் அடித்துவிட்டேன். மயில் வந்தால் கிளி வரும், பிறகு பொம்மைப் படங்கள் வரும். வெளியே தேடுவதை விட்டுப் பனைக்குள்ளேயே தேடினேன். குருத்தோலை இளமஞ்சள். பனம்பழத்தின் தோல் கருப்பு, உள்ளே சதை ஆரஞ்சு. கூடு கட்டும் பருவத்தில் ஆண் தூக்கணாங்குருவியின் தலை மஞ்சள். ஓலைப்பெட்டியில் சாயம் ஏற்றிய சிவப்பும் ஊதாவும். பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். புத்தகம் முடியும்வரை அதில் மாற்றம் இல்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

பக்கங்களின் வரிசையும் அதிலிருந்தே கிடைத்தது. கோடையில் பதநீரும் நுங்கும், ஆடி ஆவணியில் பழம், தையில் கிழங்கு. புத்தகம் பனையின் ஓராண்டாக அமைந்தது. பக்கத்துக்கு ஒரே படம், தடித்த கோடுகள், கீழே ஒரு சொல் எழுத இடம். அவ்வளவுதான்.

வகுப்பில் கொடுத்தபோது பெரும்பாலானோர் மரத்துக்குப் பழுப்பு நிறம் அடித்தார்கள். வாசலுக்கு அழைத்துப் போனேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கருப்புக் கிரேயானைத் தேடினார்கள். நுங்குக்கு என்ன நிறம் என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது.

அதிகம் பேசாத ஒரு மாணவன் கலயப் படத்தோடு என்னிடம் வந்தான். "டீச்சர், உள்ளுக்குள்ள கோடு போடலையே. சுண்ணாம்பு தடவலன்னா பதநீ புளிச்சுக் கள்ளாயிரும்லா. எங்க தாத்தா தெனம் தடவுவாவ." தாத்தா பனையேறி என்று அவன் அதுவரை வகுப்பில் சொன்னதே இல்லை. அவனை முன்னால் நிறுத்தி, தாத்தா செய்வதை எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன். ஐந்து நிமிடம் பேசினான். அடுத்து நகலெடுத்தபோது கலயத்துக்குள் சுண்ணாம்புக் கோடு சேர்ந்துவிட்டது.

உங்கள் ஊரில் அது தறியாக இருக்கலாம், படகாக இருக்கலாம், தேயிலைத் தோட்டமாக இருக்கலாம். ஒன்றை எடுங்கள். பாதி வழியில் அலுப்பு வரும்; அப்போது இன்னொன்றுக்குத் தாவாமல் அதையே இன்னொரு முறை போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாததைச் சொல்லித்தர வகுப்பிலேயே ஒரு பிள்ளை இருக்கும்.