ஆயத்தப் பொதியும் மூலநிரலும்

கல்முனைக்கு வடக்கே உள்ள மருதமுனை கைத்தறி நெசவினாற் பெயர் பெற்ற ஊர். அங்கே சாரம் வேண்டுவோர் நெய்து மடித்து வைத்ததை விலைக்கு வாங்கலாம். தறியுடையோராயின் நூலை வாங்கித் தாம் விரும்பிய அளவில் தாமே நெய்துகொள்ளலாம். லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமைகளில் மென்பொருளைப் பெறுதற்கும் இவ்விரு வழிகளே உள. பிறர் இயந்திர மொழிக்கு மாற்றிக் கட்டிவைத்த ஆயத்தப் பொதியை நிறுவுதல் ஒன்று. மனிதர் எழுதிய மூலநிரலைத் தொகுப்பான் என்னுங் கருவியால் தாமே இயந்திர மொழியாக்குதல் மற்றொன்று. டெபியன், உபுண்டு என்பன பெரிதும் முதலாவதைத் தழுவுவன. ஜென்டூ இரண்டாவதைத் தழுவுவது.

வசதியெல்லாம் ஆயத்தப் பொதியின் பக்கமே. ஒரே கட்டளையில் அது வந்து சேரும்; அது சார்ந்திருக்கும் துணை நிரல்களும் உடன் வரும்; பின்னர்க் குறை காணப்படின் திருத்தமும் அவ்வழியே வரும். தாமே தொகுத்தவரோ ஒவ்வொரு திருத்தத்தையும் தாமே அறிந்து மீண்டும் தொகுத்தல் வேண்டும். இணைய உலாவி போன்ற பெருநிரலைச் சிறு கணினியில் தொகுப்பதற்குப் பல மணி நேரம் செல்லும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளுக்குப் 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை நினைவிற் கொண்டோர்க்கு இதன் இடர் விளங்கும். வேகம் கருதித் தொகுப்போர் பெறும் பயன் பெரும்பாலும் சிறிதே. ஆயினும் களஞ்சியத்தில் இல்லாத பதிப்பு வேண்டுமிடத்தும், நிரலின் உள்ளேயே மாற்றஞ் செய்ய வேண்டுமிடத்தும் மூலநிரலையே நாடுதல் வேண்டும்.

தாமே தொகுத்தது ஐயமின்றி நம்பத்தக்கது என்னும் எண்ணமோ ஆராய்தற்குரியது. மருதமுனை நெசவாளரும் நூலை வெளியிலிருந்தே பெறுகின்றனர். நூல் பழுதாயின் கைத்திறன் யாது செய்யும்? 2024 மார்ச்சு 29இல் அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியியலாளர், எக்ஸ்-இசட் என்னும் தரவுச் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புக்களிற் கள்ளவாயில் ஒன்று மறைந்திருத்தலை வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினியுட் புகும் செயல் அரைச் செக்கனளவு தாமதித்தமையே அவர்க்கு ஐயம் ஊட்டிற்று. அதனை இயக்கிவிடும் வரிகள் யாவரும் காணத்தக்க மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய மூலநிரற் கட்டில் மாத்திரம் இருந்தன. அன்றியும், டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டப்படும்போதே அது செயற்படுமாறு அமைந்திருந்தது. வீட்டிலே தொகுத்தோர் தப்பினரெனின் அது அவர்தம் விழிப்பினால் அன்று; குறி அவர்கள்மீது வைக்கப்படாமையினாலேயாம்.

தறியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. தொகுப்பானே திரிக்கப்பட்டிருப்பின் குற்றமற்ற மூலநிரலிலிருந்தும் நச்சு நிரல் பிறக்கும் என்பதை, 1984இல் வெளியான டியூரிங் விருது உரையில் கென் தாம்சன் காட்டினார். மூலநிரலை எத்துணை முறை வாசிப்பினும் அத்திரிபு புலப்படாது.

இதற்கு மாற்றாக டெபியன் குழுவினர் 2013 முதல் வேறொரு முறையை முயன்று வருகின்றனர். ஒரே மூலநிரலைப் பலர் தனித்தனிக் கணினிகளில் தொகுத்து, விளைந்த பொதிகள் ஓர் இலக்கமும் வேறுபடாதிருத்தலைக் காண்பதே அது. தொகுத்த நேரம், கோப்புறையின் பெயர் முதலியனவும் பொதியிற் பதிந்து வேறுபாட்டை விளைவிக்குமாதலின், அவற்றையெல்லாம் முன்னர்க் களைதல் வேண்டும். அவர்தம் உழைப்பிற் பெரும்பகுதி அதிலேயே செல்கின்றது.