காது திடீரென மந்தமானால்...

வானொலிக்காரர்களுக்குக் காதுதான் மூலதனம். அதனால் நேயர்கள் கேட்கும் இந்த இரண்டு கேள்விகளும் எனக்கும் சொந்தக் கேள்விகள்தான். “உயிர்வாயு அறைக்குள் உட்கார்ந்தால் போன செவித்திறன் திரும்புமாமே?” “அந்த அறையே காதைக் கெடுத்துவிடுமாமே?” இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இத்தகைய உயர் அழுத்தச் சிகிச்சை நிலையம் உண்டு. முக்குளிப்பவர்களுக்கு வரும் அழுத்த நோய் முதல் ஆறாத நீரிழிவுப் புண் வரை பலவற்றுக்கும் இந்தச் சிகிச்சை பயன்படுகிறது. அறையின் காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட 2 முதல் 2.5 மடங்குக்கு ஏற்றி, தூய உயிர்வாயுவைச் சுவாசிக்க வைப்பார்கள். 2.4 மடங்கு என்றால் கடலில் 14 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம்.

அதை முதலில் உணர்வது காது. செவிப்பறைக்குப் பின்னால் சிறு காற்றறை இருக்கிறது. வெளி அழுத்தம் இரட்டிப்பானால் அந்தக் காற்று பாதியாகச் சுருங்கி, செவிப்பறையை உள்ளே இழுக்கும். தொண்டையிலிருந்து காதுக்குச் செல்லும் குழாய் திறந்து காற்றை நிரப்பினால் சரி. விமானம் இறங்கும்போது நடப்பதும் இதேதான். குழாய் திறக்காவிட்டால் வலி, ரத்தக்கசிவு, அரிதாகச் செவிப்பறைக் கிழிசல் ஏற்படலாம். இந்தச் சிகிச்சையில் அதிகம் காணப்படும் பக்கவிளைவு இதுதான். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

அதனால்தான் முன்கூட்டியே காதைப் பரிசோதிக்கிறார்கள். எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதுவது எனப் பழக்குகிறார்கள். சளி பிடித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காமல் உடனே கையைத் தூக்குங்கள். அழுத்தம் ஏற்றுவதை நிறுத்துவார்கள். காற்றைச் சமன்செய்யவே முடியாதவர்களுக்குச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவதும் உண்டு. மறுநாள் காலை காது அடைத்தாற்போல் இருந்தால் பதற வேண்டாம். காதுக்குள் தங்கிய உயிர்வாயுவை உடல் உறிஞ்சுவதால் வருவது அது. சிலமுறை விழுங்கினால் விலகும்.

சரி, செவித்திறன் திரும்புமா? ஒரு காது மட்டும் மூன்று நாளுக்குள் திடீரென மந்தமாவதைத் திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு என்பார்கள். 30 டெசிபல் குறைந்தாலே சாதாரணப் பேச்சு கிசுகிசுப்பாகத் தேயும். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. உட்காதின் நுண்ணிய உயிரணுக்களுக்கு உயிர்வாயு ஏராளமாக வேண்டும். அழுத்தம் கூடும்போது ரத்தத்தில் அதிகம் கரையும் உயிர்வாயு அவற்றை மீட்கக்கூடும் என்பதே அடிப்படை.

ஆனால் காலம் முக்கியம். அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டியின்படி, ஸ்டீராய்டு மருந்துடன் சேர்த்து இரண்டு வாரத்துக்குள் இதைத் தொடங்கலாம். மருந்து பலிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் முயலலாம். பல மாதங்களுக்கு முன் போன செவித்திறனுக்கோ நாள்பட்ட காது இரைச்சலுக்கோ இது பலன் தரும் என்பதற்குச் சான்று இல்லை. அப்படி வாக்குறுதி தருபவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், பலர் இதைக் காதழுக்கு என்றே நினைத்து நாளைக் கடத்துகிறார்கள். வாயை மூடி “ம்ம்ம்” என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் ஒலி உரக்கக் கேட்டால் அழுக்கு அல்லது சளியாக இருக்கலாம். நல்ல காதில் உரக்கக் கேட்டால் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். இது மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது. எப்படிக் கேட்டாலும், திடீரென ஒரு காது மங்கினால் அன்றே மருத்துவரிடம் போய், செவித்திறன் சோதனை வேண்டும் என்று கேளுங்கள்.