வேலிக் கம்பியும் துத்தநாகப் பூச்சும்

முள்கம்பி வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறார்கள். புதுக் கம்பி எல்லாமே பளபளக்கத்தான் செய்யும். இரண்டு மழைக்காலத்தில் சிவந்து போகிற கம்பியும், பல வருஷம் நிற்கிற கம்பியும் கடையில் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும். வித்தியாசம், மேலே ஏறியிருக்கும் துத்தநாகத்தின் கனத்தில் இருக்கிறது.

சுமார் 450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பதே கால்வனைஸ் முறை. 1837-ல் பிரான்சில் சொரேல் என்ற பொறியாளர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெயிண்ட் இரும்பை மூடி வைக்கிறது, அவ்வளவுதான். கீறல் விழுந்தால் துரு உள்ளே புகுந்து பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். துத்தநாகம் அப்படியல்ல. ஈரம் பட்டால் இரும்புக்கு முன்னால் தான் கரைகிறது. சிறு கீறல் விழுந்த இடத்தையும் அக்கம்பக்கத்துத் துத்தநாகம் காப்பாற்றும். ஆனால் கரையக் கரைய இருப்பு குறையும். தீர்ந்ததும் துரு பிடிக்கும்.

கூரைத் தகரத்தில் இதைக் கேட்டே வாங்கலாம். 275 என்ற தரம், சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகத்தைக் குறிக்கும். பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லி மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. 120 தரத்தில் அதில் பாதிகூட இல்லை. விலை மலிவாக இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

நல்ல பூச்சையும் நாமே கெடுத்துவிடுகிறோம். போர்டோ கலவைக்கு மயில்துத்தத்தைத் துத்தநாக வாளியில் கரைக்கவே கூடாது. தாமிரம் வாளியில் படியும், துத்தநாகம் கரைசலில் இறங்கும். வாளியும் போயிற்று, மருந்தின் வீரியமும் குறைந்தது. கலவையில் தீட்டிய கத்தியை முக்கி, செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கிறோமே, அங்கே கத்தியில் நடப்பதுதான் இங்கே வாளியில் நடக்கிறது. மண்பானையோ பிளாஸ்டிக் வாளியோ போதும். களத்து வேலையாட்களுக்கு மோர் கொண்டு போவதற்கும் துத்தநாக வாளி ஆகாது. புளிப்பில் துத்தநாகம் கரைந்து, குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்று வலியும் வரும்.

அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் மூட்டைகளைத் தகரச் சுவரில் சாய்த்து வைக்கிறோம். இந்த உரங்கள் காற்றின் ஈரத்தை இழுத்துப் பூச்சைத் தின்றுவிடும். ஒரு முழம் தள்ளி, பலகைமேல் அடுக்குங்கள். புதுத் தகரத்தை நனைந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் வெள்ளைத் தூள் பூத்துவிடும். துடைத்து, சாய்வாக நிறுத்த வேண்டும்.

ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்து போகும். தேய்த்துச் சுத்தம் செய்து, துத்தநாகத் தூள் கலந்த பெயிண்டை அடிக்கச் சொல்லுங்கள். வெல்டிங்கில் எழும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர் காய்ச்சல் காணும். திறந்த வெளியில் செய்வதே நல்லது.

கலப்பைக் கொழுவுக்குத் துத்தநாகம் பூசிப் பயனில்லை. அது மிருதுவான உலோகம். மண்ணில் நாலு சால் ஓட்டினாலே தேய்ந்து போகும். அங்கே பகை தேய்மானம். பட்டறையில் கொழு முனைக்கு மட்டும் குரோமியம் கலந்த கடின வெல்டிங் குச்சியால் ஒரு வரி ஏற்றிக்கொள்ளலாம். உழவு முடிந்ததும் மண்ணைக் கழுவி, உலரத் துடைத்து, கிரீஸ் தடவி வைத்தால் அடுத்த பட்டம் வரை துரு அண்டாது.