உப்புத் தண்ணீருக்கு யு.வி. மெஷின் உதவுமா?

மேலூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘எங்கள் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. யு.வி. லைட் வைத்த மெஷின் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?’

இதற்காக வாங்க வேண்டாம். உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் எதையும் புற ஊதாக் கதிர் குறைக்காது. முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்புதான் பிரச்சினை என்றால் அதற்கு ஆர்.ஓ. தேவை, அல்லது குடிக்க மட்டும் வேறு தண்ணீர் பார்க்க வேண்டும்.

யு.வி. செய்வது ஒரே வேலை, கிருமியை முடக்குவது. அதை நன்றாகவே செய்யும். கிருமியின் மரபுப் பொருளை அந்தக் கதிர் சிதைத்துவிடுவதால், குடலுக்குள் போனாலும் அதனால் பெருக முடியாது.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1992 அக்டோபரில் சென்னையில் புதுவகைக் காலரா ஒன்று தலைகாட்டியது. மதுரையிலும் வேலூரிலும் அது தெரிந்தது. பிறகு கொல்கத்தா, வங்கதேசம் என்று பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் இது விடவில்லை. (முதலில் தெரிந்தது நம் பக்கம், பெயர் மட்டும் ‘வங்காளக் காலரா’!) அந்தச் சாவுகளைப் பார்த்துத்தான், மும்பையில் பிறந்து அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வேலை பார்த்த அசோக் காட்கில், கிராமத்துக்கு ஏற்ற யு.வி. கருவி ஒன்றை வடிவமைத்தார். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் தானாக வழிந்தோடும். 40 வாட் விளக்கு தண்ணீருக்குள் இல்லாமல் மேலே தொங்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர், அதாவது மணிக்கு 900 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

விளக்கை மேலே வைத்ததில்தான் சூட்சுமம். வீட்டு மெஷின்களில் விளக்கு ஒரு குவார்ட்ஸ் குழாய்க்குள், தண்ணீருக்கு நடுவே இருக்கும். நம் போர் தண்ணீர் பட்டால் பாத்திரத்தில் படிவது போல அதிலும் வெள்ளையாகப் படியும். படிந்தால் கதிர் வெளியே வராது. அதை அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். விளக்குக்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் 8,000 முதல் 9,000 மணி நேரம். அதற்குப் பிறகும் நீலமாக எரியும், ஆனால் கிருமியை முடக்கும் வலு குறைந்திருக்கும். எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்கவும் கூடாது.

கலங்கல் தண்ணீரிலும் இது பலிக்காது. மண் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். ஐப்பசி மழையில் கிணறு கலங்கினால், நம் பாட்டிமார் செய்தபடி பானையின் உள்பக்கம் தேற்றான் கொட்டையை உரசித் தண்ணீர் ஊற்றித் தெளிய விடுங்கள். தெளிந்ததைத் துணியில் வடிகட்டிய பிறகுதான் மெஷினுக்குள் விட வேண்டும்.

இன்னொன்று, குளோரின் போல யு.வி. தண்ணீரில் தங்காது. சுத்தமான தண்ணீரை அழுக்குக் குடத்தில் பிடித்துக் கையை விட்டு மொண்டால் செலவெல்லாம் வீண். கோழிப் பண்ணைக்கு யு.வி. போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். குழாய்க்குள் பாசி போல் படியும் வழுவழுப்பில் கிருமி மறுபடி வளரும். அங்கே குளோரின்தான் சரி.

மெஷின் வாங்க வசதியில்லையா? நிறமில்லாத, கீறல் விழாத பெட் பாட்டிலில் (2 லிட்டருக்கு மேல் வேண்டாம்) தெளிந்த தண்ணீரை நிரப்பி, தகரக் கூரையில் படுக்க வையுங்கள். நல்ல வெயிலில் 6 மணி நேரம் போதும். வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் 2 நாள். விடாத மழை என்றால் இந்த முறை வேண்டாம், அடுப்பில் கொதிக்க வைத்துவிடுங்கள்.