குடலில் நோய் இருந்தால் கண்ணையும் கவனியுங்கள்

கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று நாமே முடிவுகட்டி, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கைவைத்தியம் ஆபத்தில் முடியலாம்.

இந்நோய்களில் தறிகெட்ட நோய் எதிர்ப்பாற்றல் குடலோடு நிற்காமல் மூட்டு, தோல், கண் வரை கைவைக்கிறது. கிரோன் நோய்க்குப் பெயர் தந்த நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோன், 1925இலேயே கொலைட்டிஸ் நோயாளிகளின் கண் பாதிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எது சாதாரணம், எது அவசரம்?

வெண்விழியின் மேற்பரப்பு மட்டும் சிவந்து, லேசாக உறுத்தினால் அது பெரும்பாலும் எபிஸ்கிளிரைட்டிஸ். பார்வை மங்காது. குடல் நோய் தீவிரமாகும்போது வந்து, அது தணிந்தால் தானும் தணியும். மருத்துவர் ஃபினைலெஃப்ரின் சொட்டு விட்டுப் பார்ப்பார். மேலடுக்குச் சிவப்பு என்றால் சில நிமிடங்களில் வெளுத்துவிடும். வெளுக்காமல், தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்குக் குடைச்சல் இருந்தால் அது ஆழமான ஸ்கிளிரைட்டிஸ், பார்வையையே பறிக்கக்கூடியது.

கண்ணின் உள்ளே ஏற்படும் அழற்சியான யுவியைட்டிஸில் வெளிச்சம் பட்டால் கண் கூசும், வலிக்கும், பார்வை மங்கும். ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால், ஜன்னல் வெயிலில் தூசு மிதப்பதுபோல் கண்ணின் முன்னறையில் வெள்ளணுக்கள் மிதப்பது தெரியும். வயிறு அமைதியாக இருக்கும்போதும் இது வரும். சிலருக்குக் குடல் நோய் தெரியவருவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

மருந்திலும் கவனம்

யுவியைட்டிஸுக்கு ஸ்டீராய்டு சொட்டும், கருவிழித்திரை லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டும் தருவார்கள். ஸ்டீராய்டை நெடுநாள் எடுத்தால் கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம் என்பதால் மேற்பார்வை அவசியம். அடாலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசிகள் குடல், கண் இரண்டுக்கும் உதவும். ஆனால், உறங்கிக் கிடக்கும் காசநோயை அவை எழுப்பிவிடலாம் என்பதால் முதலில் அதற்கான பரிசோதனை செய்வார்கள்.

கண் மருத்துவரிடம் போகும்போது வயிற்றுப் பிரச்சினையை எதற்குச் சொல்வது என்று நினைக்க வேண்டாம். கண் வலிக்கு வழக்கமாகத் தரப்படும் சில அழற்சி நீக்கி மாத்திரைகள் குடல் நோயைக் கிளறிவிடக்கூடும். குடல் சிகிச்சைச் சீட்டைக் காட்டினால் அவர் வேறு மருந்து எழுதித் தருவார்.