உப்புத் தண்ணீரில் பல்லுக்குப் பரீட்சை!

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? வழியில் மரக்காணம் உப்பளங்களில் குவியல் குவியலாக உப்பு தெரியும். அங்கே ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். உப்புத் தண்ணீர் அவ்வளவு பொல்லாதது! நம் எச்சிலிலும் கொஞ்சம் உப்பு உண்டு. அப்படியானால், வாய்க்குள் ஓர் உலோகத் திருகாணியை வைக்கலாமா?

வைக்கிறார்களே! பல் இழந்த பெரியவர்களுக்குத் தாடை எலும்பில் டைட்டானியம் திருகாணியைப் பொருத்தி, அதன்மேல் செயற்கைப் பல்லை மாட்டுவார்கள். இதுதான் 'இம்ப்ளான்ட்'. சுவீடன் நாட்டு டாக்டர் பிரேன்மார்க், 1965ல் முதன்முதலாக ஒருவருக்கு இப்படிப் பொருத்தினார். டைட்டானியம் துருப்பிடிக்காது, எலும்பும் அதோடு ஒட்டி வளரும். (நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில்கூட டைட்டானியத் தாது இருக்கிறது!)

ஆனால், ஒரு சிக்கல். சோற்றில் கல் கடிபட்டால், 'நறுக்'கென்றதும் வாயைத் திறந்துவிடுகிறோம் அல்லவா? பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லி மீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பைக்கின் ஷாக் அப்சார்பர் போல அதிர்ச்சியைத் தாங்குவதும், மூளைக்குச் சேதி சொல்வதும் அதுதான். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. கடிக்கும் வேகம் அப்படியே எலும்பில் இறங்கும்.

அதனால் நடுவில் ஒரு மெத்தை வைத்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் உருவான ஒரு வகையில் பிளாஸ்டிக் துண்டு இருந்தது. ஆனால், அது தேய்ந்துபோனதால் அவ்வப்போது மாற்ற வேண்டியிருந்தது! மெத்தை அதிர்ச்சியைத் தாங்கினால் மட்டும் போதாது, தானும் பிழைக்க வேண்டும்.

எனவே பரீட்சையும் இரண்டு. ஒன்றில், மேலிருந்து ஓர் எடையை விழவைத்து, அடியில் எவ்வளவு அதிர்ச்சி போய்ச் சேருகிறது என்று அளக்கலாம். இன்னொன்றுதான் கடினம். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும் இல்லையா? அதுபோல இம்ப்ளான்ட்டை 30 டிகிரி சாய்த்து வைத்து, இயந்திரம் அழுத்திக்கொண்டே இருக்கும். ஐ.எஸ்.ஓ. 14801 என்ற உலகத் தர விதிப்படி, காற்றில் சோதித்தால் விநாடிக்கு 15 முறை வரை அழுத்தலாம். மொத்தம் 50 லட்சம் முறை! வாயில் இருப்பது போலவே சோதிக்க, லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த, 37 டிகிரி வெந்நீரில் மூழ்கவைக்கிறார்கள். அப்போது விநாடிக்கு 2 முறைக்கு மேல் கூடாது. அவசரப்படுத்தினால், உப்பு தன் வேலையைக் காட்ட நேரமிருக்காதே! மொத்தம் 20 லட்சம் முறை. இரவு பகலாக பதினொன்றரை நாள் ஆகும்.

வளரும் பிள்ளைகளுக்குப் பொதுவாக இம்ப்ளான்ட் வைப்பதில்லை. தாடை வளர வளர மற்ற பற்கள் அதோடு நகரும். எலும்போடு ஒட்டிக்கொண்ட இது மட்டும் பள்ளத்தில் நிற்கும்!